விறகுக் கடைக்காரர் மகளுக்கு மூணு கட்டை

போன மாதம் எங்கள் பழைய இசைப்பள்ளியிலிருந்து இரண்டு இளம் ஆசிரியைகள் என்னைப் பார்க்க வந்தார்கள். ஒரு சந்தேகம் கேட்க வந்ததாகச் சொன்னார்கள். உண்மையில் முடிவை எடுத்துவிட்டு, நான் தலையை ஆட்ட வேண்டும் என்பதற்காக வந்திருந்தார்கள். எழுபதைத் தாண்டியவளிடம் சந்தேகம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்தான்.

"டீச்சர், சுருதியைக் கட்டைன்னு சொல்றதை விட்டுடலாம்னு இருக்கோம்" என்றாள் மூத்தவள். "ஒரு பொண்ணைப் பார்த்து 'நீ அஞ்சு கட்டை'ன்னு சொன்னா, பின்வரிசைப் பசங்க ஒருத்தனை ஒருத்தன் இடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறானுங்க. இனிமே இங்கிலீஷ் எழுத்துலயே சொல்லிடலாம். போன்லயும் அப்படித்தான் காட்டுது."

சினிமாக்காரர்கள் அந்தச் சொல்லை என்ன பாடு படுத்தி வைத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். "தாராளமா மாத்துங்க" என்றேன். "ஆனா அந்தச் சொல்லால ஒரு தடவை நம்ம பள்ளிக்கூடத்தோட மானம் போயி, அதே சொல்லால திரும்பி வந்துச்சு. காப்பி குடிச்சுக்கிட்டே கேளுங்க." கேட்டார்கள். காப்பி ஆறிப்போனது. போகும்போது, இதை எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்மோனியத்தில் வெள்ளையும் கறுப்புமாக வரிசையாக மரத்துண்டுகள் இருக்கின்றனவே, விரலால் அழுத்துகிறோமே, அதற்குத்தான் கட்டை என்று பெயர். முதல் வெள்ளைக் கட்டையை 'ஸ' என்று வைத்துக்கொண்டு பாடினால் ஒரு கட்டை சுருதி. அடுத்த வெள்ளையை வைத்துக்கொண்டால் இரண்டு கட்டை. நடுவிலிருக்கும் கறுப்பு ஒன்றரை. எண் கூடக் கூடச் சுருதி மேலே போகும். ஒவ்வொரு தொண்டைக்கும் சிரமமில்லாத ஓர் இடம் உண்டு. ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரையில் நிற்பார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. சமாசாரம் இவ்வளவுதான்.

நான் திருச்சியில் பாட்டுப் படித்து, பரீட்சையில் தேறி, கொஞ்ச காலம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து, அரியலூரில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, எழுபதுகளின் பின்பாதியில் ரயிலேறி வந்தவள். படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படித்ததில் பாதியை மறந்த பிறகுதான் சொல்லிக் கொடுக்கவே எனக்கு வந்தது.

ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்திய பள்ளி அது. மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில்லின் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்திருந்தார்கள். எவ்வளவு மழைக்குப் பிறகும் தவிட்டு வாசனை போகாது. சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றுகிறவர், சிமெண்டு ஆலைத் தொழிலாளி, முந்திரிக்காட்டுக் குத்தகைக்காரர், டீக்கடைக்காரர் என்று யார் வீட்டுப் பிள்ளையும் வரலாம். இன்னார் வீடு என்று விசாரிக்கக் கூடாது. ஆனால் ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளை தனியாக வரக் கூடாது. வீட்டிலிருந்து ஒருவர் கூட வர வேண்டும். வந்தவர் வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போடக் கூடாது. உள்ளே வந்து, அவரும் வாயைத் திறந்து பாட வேண்டும்.

அந்தச் சட்டம் தலைமையாசிரியர் வைத்தியலிங்கம் சார் போட்டது. "புள்ளை இங்க ஒரு மணி நேரம் இருக்கு. மிச்ச நேரமெல்லாம் வீட்டுலதானே இருக்கு? வீடு பாடுனாத்தான் அது பாடும்" என்பார். சிமெண்டு ஆலையில் இரவு ஷிப்டு முடித்து, புருவம் வெளுத்துப்போன கோலத்தோடு வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடும் ஒரு தகப்பனார் இருந்தார். சார் அவரை எழுப்பவில்லை. கையைப் பிடித்துத் தொடையில் தாளம் போட்டுப் பழக்கிவிட்டார். சில வாரங்களில் அந்த மனிதர் தூங்கிக்கொண்டே ஆதி தாளத்தைத் தப்பாமல் போடக் கற்றுக்கொண்டார். விழித்திருக்கும்போதுதான் தப்பும்.

சார் குட்டையான மனிதர். வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி. பாட்டுக் கேட்கும்போது இரண்டு கண்ணையும் மூடிக்கொள்வார். யாராவது பிசகினால் ஒரு கண் மட்டும் திறக்கும். திட்ட மாட்டார், தப்பு என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை. அந்த ஒற்றைக் கண்ணுக்குப் பிள்ளைகள் மட்டுமல்ல, நானும் நடுங்குவேன். பள்ளிக்குப் பின்னாலேயே ரயில் பாதை. கூட்ஸ் வண்டி வந்தால் பாடம் காதில் விழாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வண்டி வந்ததும் எல்லாரும் ஸ பிடிக்க வேண்டும். மூச்சு முட்டினால் விட்டுவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளலாம். ஆனால் கடைசிப் பெட்டி போகும்வரை மொத்தத்தில் ஸ அறுந்துவிடக் கூடாது. தாயும் பிள்ளையுமாக மாற்றி மாற்றி மூச்சு வாங்கி, வண்டியை வழியனுப்பி வைப்பார்கள்.

புதிதாக வரும் பிள்ளைக்குச் சுருதி பார்ப்பதை சார் யாரிடமும் விட்டதில்லை. பாடச் சொல்ல மாட்டார். பாடச் சொன்னால் பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும் என்பார். "உங்க வீட்டுல ஆடு இருக்கா? மேயப் போனதை எப்படிக் கூப்பிடுவே?" என்று கேட்பார். ஆட்டையோ கோழியையோ கூப்பிட வெட்கப்படும் குழந்தையை நான் இதுவரை பார்த்ததில்லை. கொட்டகையே அதிரக் கூப்பிடும். சாரின் விரல் கட்டைகளின் மேல் ஓடி அந்தக் குரலைத் தேடிப் பிடிக்கும். அது மேல் எல்லை. பிறகு, "உங்க தெருப் பேரு என்ன?" என்று சாதாரணமாகக் கேட்பார். அந்தப் பதில் விழும் இடம் கீழ் எல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டையை அழுத்திக்கொண்டு, "இதுதான் உன் இடம், உட்காரு" என்பார்.

விறகுக் கடை செல்லமுத்து தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்த வாரம் சார் ஊரில் இல்லை. ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்துபோனதைச் சரிசெய்யத் திருச்சிக்குப் போயிருந்தார். நான்தான் சேர்த்துக்கொண்டேன். செல்லமுத்து ஆறடி உயரம். தோளில் துண்டு, மீசையில் மரத்தூள். அவருடைய அப்பா மிராசுதார் வயலில் கூலிக்கு உழுதவர். இவர் முந்திரி விறகு வாங்கி விற்று, சொந்தமாகக் கடை போட்டுக் காலூன்றியவர்.

"டீச்சரம்மா, ரெண்டு பாட்டு சொல்லிக் குடுத்தாப் போதும்" என்றார்.

"அதென்னங்க கணக்கா ரெண்டு?"

"பொண்ணு பாக்க வர்றவங்க பாடச் சொல்லுவாங்கல்ல? ஒண்ணு பாடுனா, இன்னொண்ணு பாடும்மாம்பாங்க. மூணாவது பாட்டு எவனும் கேக்க மாட்டான். பஜ்ஜி ஆறிப்போயிரும்."

எனக்குச் சிரிப்பு வந்தாலும் மனசுக்குள் எரிச்சல்தான். அந்தக் காலத்தில் எங்களிடம் வந்த பெரிய பெண்களில் பாதிப் பேர் இந்த ரெண்டு பாட்டுக் கேஸ்தான். ரெண்டு பாட்டு வந்ததும் நின்றுவிடுவார்கள். கல்யாணப் பத்திரிகை வரும். அதற்குப் பிறகு அந்தக் குரல் தாலாட்டுக்குத் திறந்தால் உண்டு.

மகள் பெயர் மங்கையர்க்கரசி. பதினெட்டு வயது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு, கடையில் வண்டியில் வந்து இறங்கும் விறகுக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். கடையை விட்டு வர முடியாது என்று செல்லமுத்து சொன்னதால், கூட ஒருவர் வந்து பாட வேண்டும் என்ற சட்டத்தை அவளுக்கு நான்தான் தளர்த்தினேன். மற்றப் பெண்களோடு ஐந்து கட்டையில் உட்காரவைத்தேன். எல்லாப் பெண்களுக்கும் ஐந்து கட்டை என்பது எழுதாத சட்டம் போல நடந்துகொண்டிருந்த காலம். கீழே பாடும்வரை மங்கையின் உதடும் அசையும், சத்தமும் வரும். மேல் ஸ்வரத்துக்குப் போனால் உதடு மட்டும் அசையும்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேல வரலீங்க டீச்சர்."

அந்தப் பதிலைக் கேட்டு முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "அய்ய, ஆம்பளக் குரலு!" என்று கத்திவிட்டாள். கொட்டகை சிரித்தது. மங்கையும் கூடவே சிரித்தாள். ஆனால் வகுப்பு முடிந்ததும் எல்லாரும் போன பிறகு பாய் சுருட்டுகிற சாக்கில் நின்றாள். அவள் பாட வராமல் நின்றுவிடப் போவதாகச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது வேறு. "டீச்சர், எனக்கு அந்த ரெண்டு பாட்டு சீக்கிரமா வந்துரக் கூடாதுங்க."

"ஏன்டி?"

"வந்துருச்சுன்னா அப்பா நிறுத்திருவாங்க. வூட்ல இருந்தா நாள் முச்சூடும் விறகு, அடுப்பு. இங்கதான் ஒரு மணி நேரம் எதையும் எண்ணாம இருக்கேன்."

சத்தமே வராத ஒரு பெண்ணுக்கு இந்தக் கொட்டகையில் அப்படி என்ன கிடைத்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை.  சார் திரும்பி வந்ததும் அவரிடம் சொன்னேன். "சுருதி பார்க்காம விட்டுட்டோமா? கூப்பிடுங்க" என்றார்.

மங்கையிடம் ஆடு, கோழி எல்லாம் கேட்டார். அவர்கள் வீட்டில் எதுவும் இல்லை. "சரி, வண்டி வந்தா கட்டு எண்ணுவியாமே. எப்படி எண்ணுவே? அப்படியே எண்ணு" என்றார்.

முதலில் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். எங்கள் பக்கத்தில் எண்ணும்போது ஒன்று என்று யாரும் தொடங்குவதில்லை. "லாபம்... ரெண்டு... மூணு..." கொட்டகை முழுக்க அந்தக் குரல் நிரம்பியது. கத்தவே இல்லை. கனமாக, பிசிறில்லாமல், தரையோடு தரையாக வந்து காலைத் தொட்டது. அத்தனை நாள் அவள் வாயில் இருந்தது கொழுக்கட்டை இல்லை. ஐந்து கட்டை என்று நாங்கள் அடைத்து வைத்த முட்டுக்கட்டை.

சாரின் இரண்டு கண்ணும் திறந்துவிட்டன. விரல் கட்டைகளில் தேடி ஓரிடத்தில் நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. "கோமதி டீச்சர், அஞ்சாவது, அரையாவது! இது மூணு கட்டை! மூணே கட்டைதான் இது!" என்று என்னைப் பார்த்துத் தொடையில் தட்டிச் சத்தமாகச் சொன்னார்.

மகளைக் கூட்டிப் போக வந்த செல்லமுத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கேட்டது அந்தக் கடைசி வார்த்தையை மட்டும். 'இது' என்று சார் சொன்னது குரலை. அவர் நினைத்துக்கொண்டது மகளை. விறகுக் கடைக்காரருக்குக் கட்டை என்றால் என்ன? அடுப்பில் வைப்பது. அதிலும் மூன்றே கட்டை என்றால் ஓர் உலை கூடக் கொதிக்காது. தவிர, பெண்ணைப் பார்த்துக் கட்டை என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று பஸ் ஸ்டாண்டில் நிற்கும் எவனைக் கேட்டாலும் சொல்வான். அவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, "எந்திரி புள்ள" என்றார். மங்கை எழுந்தாள். இருவரும் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் அவர்கள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. பிள்ளை வராவிட்டால் ஆசிரியர் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்பது சாரின் இன்னொரு சட்டம். சார் ஆர்மோனியத்தை சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு கட்டினார். "இது எதுக்கு சார், தூக்க முடியாம?" என்று கேட்டேன். "பேச்சுல புரியாததை இதுலதானே காட்டணும்?" என்றார். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வர, நான் கூடவே நடந்தேன்.

கடையில் செல்லமுத்து யாருக்கோ விறகு எடை போட்டுக்கொண்டிருந்தார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. உட்காரவும் அங்கே விறகைத் தவிர எதுவும் இல்லை. மங்கை கடைக்குப் பின்னால் வீட்டு வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள். சார் பேச்சை எடுப்பதற்குள் செல்லமுத்துவே ஆரம்பித்தார்.

"வாத்தியாரே, எங்கப்பனைப் பேரு சொல்லி யாரும் கூப்பிட்டதில்ல. டேய்னுதான் கூப்பிட்டாங்க. இங்க வான்னா வந்து நிக்கணும். எம்பொண்ணுக்கு மங்கையர்க்கரசின்னு நீளமாப் பேரு வச்சதே அதுக்குத்தான். ஒங்க பள்ளிக்கூடத்துல சாதி கேக்க மாட்டாங்க, புள்ளைங்களப் பேரு சொல்லித்தான் கூப்பிடுவாங்கன்னாங்க. நம்பி அனுப்புனேன். நீங்க அவளை 'இது'ன்னு சொன்னீங்க. கட்டைன்னு சொன்னீங்க. அதுலயும் மூணு கட்டைதான் தேறும்ன்னீங்க." குரல் உயரவில்லை. தராசுத் தட்டிலிருந்த விறகை எடுத்துக் கீழே வைத்தார்.

 சார் சைக்கிளில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். விறகு பிளக்கிற அடிமரத்தின் மேல் ஆர்மோனியத்தை இறக்கி வைத்தார். மூடியைத் திறந்து, துருத்தியை அசைத்து, ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தினார்.

"இது என்னங்க?"

செல்லமுத்து எரிச்சலோடு குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். "மரக்கட்டை."

"இதுக்குப் பாட்டுல பேரே கட்டைதாங்க. வேற பேரு கிடையாது. இதுல வச்சுப் பாடுனா ஒரு கட்டை. இதுல வச்சா ரெண்டு கட்டை. ஒவ்வொருத்தர் தொண்டையும் ஒரு கட்டையில நிக்கும். நான் ஒண்ணரைக் கட்டை. இந்த டீச்சரம்மா அஞ்சு கட்டை."

செல்லமுத்து என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போது நான் குச்சியாக இருப்பேன். விறகு வாங்க வந்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். "இந்தம்மாவா அஞ்சு கட்டை? காத்தடிச்சாப் பறந்துருவாங்க போலருக்கே" என்றார் செல்லமுத்து. சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபக்காரன் சிரித்துவிட்டால் பாதிக் காரியம் முடிந்தது.

"அப்ப எம்பொண்ணு மூணுன்னா, இந்தம்மாவ விடக் குறைச்சல்தானே?"

"குறைச்சல் இல்லீங்க. எடம். வீட்டு நம்பர் மாதிரி. அஞ்சாம் நம்பர் வீட்டுக்காரன் மூணாம் நம்பர் வீட்டுக்காரனை விடப் பெரியவனா?"

செல்லமுத்து யோசித்தார். "எங்க தெருவுல அஞ்சாம் நம்பர்காரன் எனக்கே கடன் பாக்கி" என்றார். பிறகு துண்டை எடுத்து மீசையைத் துடைத்துக்கொண்டு, சிறுபிள்ளை மாதிரி கேட்டார். "நான் எத்தனை கட்டைங்க?"

சார் அவரையும் எண்ணச் சொன்னார். "லாபம்... ரெண்டு..." தெருவே திரும்பிப் பார்த்தது. ஆறடி மனிதருக்கு நான் எதிர்பார்த்ததை விட மேலே இருந்தது குரல். சாரின் விரல் தேடிப் போய், மங்கைக்கு நின்ற அதே கட்டையில் நின்றது.  சார் மெல்லச் சொன்னார். "உங்க குரல் ஆம்பளைக்குக் கொஞ்சம் மேல. உங்க பொண்ணு குரல் பொம்பளைக்குக் கொஞ்சம் கீழ. ரெண்டும் ஒரே வீட்டுல வந்து நிக்குது. உங்களுக்கும் மூணு கட்டைதாங்க."

செல்லமுத்து வாசற்படியில் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்தார்.  "ஞாயித்துக்கிழமை அனுப்புறேன்" என்றார். உடனே விரலை உயர்த்தினார். "ஆனா ரெண்டு பாட்டுதான். அதுல மாத்தமில்ல. தா.பழூர்ப் பக்கத்துல ஒரு எடம் பேசிக்கிட்டிருக்கோம்."

"அனுப்பக் கூடாதுங்க. கூட்டிக்கிட்டு வரணும். வாயையும் தொறக்கணும்" என்றார் சார்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைக் குடும்ப வகுப்பில் புதிதாக ஒரு வரிசை உண்டானது. ஐந்து கட்டைப் பெண்கள் ஒரு பக்கம், ஒரு கட்டை ஆண்கள் ஒரு பக்கம். நடுவில் அப்பனும் மகளும் மட்டும். அவர்களுக்கென்று தனியாகச் சுருதி வைத்துப் பத்து நிமிஷம் பாடம். செல்லமுத்து முதல் நாள் ஸரிகமவை வாய்க்குள்ளேயே மென்றார். "கொழுக்கட்டையாப்பா?" என்றாள் மங்கை. நான் சிரிப்பை அடக்க ஜன்னலுக்குப் போனேன். மங்கைக்கு மேல் ஸ்வரம் இப்போது தானாக வந்தது. ஆம்பளக் குரல் என்று கத்திய அதே சிறுமி, மங்கை பாடும்போது நகர்ந்து நகர்ந்து அவள் மடியருகே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

ரெண்டு பாட்டையும் நான் எவ்வளவு மெதுவாகச் சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்குத்தான் தெரியும். நத்தை கூட என்னைத் தாண்டிப் போயிருக்கும். ஒரு வரிக்கு ஒரு வாரம். சார் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னைப் பார்ப்பார், மூடிக்கொள்வார். ஆனாலும் பாட்டுக்கு முடிவு என்று ஒன்று இருக்கிறதே. தை பிறந்தபோது ரெண்டாவது பாட்டும் முடிந்துவிட்டது. பெண் பார்க்கும் நாளும் வந்தது.

பாட்டு டீச்சர் சுருதிப் பெட்டியோடு வர வேண்டும் என்று செல்லமுத்து சொல்லி அனுப்பியிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்தார்கள். நெல் விவசாயம், சொந்த நிலம், பையனுக்கு ஆபீஸ் உத்தியோகம். நல்ல இடம் என்று மங்கையின் அம்மா அஞ்சலை என் காதில் மூன்று தடவை சொல்லிவிட்டார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு பாட்டு கத்துக்குதாமே, பாடச் சொல்லுங்க" என்றார்.

மூன்று கட்டையில் சுருதி வைத்தேன். மங்கை முருகன் மேல் ஒரு பாட்டைப் பாடினாள். நிதானமாக, ஒரு இடத்திலும் அவசரப்படாமல் பாடினாள். இனிமேல் பாடப் போவதில்லை என்று நினைத்துக்கொண்டு பாடியிருப்பாள் போல. முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார்.

"புள்ளைக்குச் சளி புடிச்சிருக்கா? கொரலு என்ன இப்படி ஆம்பளையாட்டம் இருக்கு? கொஞ்சம் மேல எடுத்துப் பாடச் சொல்லுங்க டீச்சர்."

என் விரல் சுருதிப் பெட்டியில் இருந்தது. ஐந்துக்கு மாற்ற ஒரு நொடி ஆகாது. மாற்றினால் அந்தப் பெண்ணின் குரல் எல்லார் முன்னாலும் உடையும். மாற்றாவிட்டால் சம்பந்தம் உடையும். மங்கை தலையைக் குனிந்திருந்தாள். அஞ்சலை என்னைக் கெஞ்சுவது போலப் பார்த்தார். நான் செல்லமுத்துவைப் பார்த்தேன்.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "சளி இல்லீங்க. அது மூணு கட்டை."

"என்னது, கட்டையா?" மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறிவிட்டது.

"ஆமாங்க. பாட்டுல கட்டைன்னுதான் சொல்லணும். இந்த டீச்சரம்மா அஞ்சு கட்டை. எம்பொண்ணு மூணு. எண்ணு பெருசா இருந்தா ஒசத்தின்னு இல்ல. வூட்டு நம்பரு மாதிரி." ஏதோ பல வருஷம் பாட்டு வாத்தியாராக இருந்தவர் போலத் துண்டைச் சரிசெய்துகொண்டார். "நானும் மூணுதாங்க."

"அதெல்லாம் சரி. நாலு பேரு வந்து போற வூடு. பொம்பளப் புள்ள கொரலு பொம்பளக் கொரலா இருக்க வேணாமா? ஒரே ஒரு தடவ மேல பாடிக் காட்டட்டுமே."

"அது முடியாதுங்க" என்றார் செல்லமுத்து. குரலில் கோபம் இல்லை, கடையில் வாடிக்கையாளரிடம் பேசுவது போலவே சொன்னார். "எங்கிட்ட இருக்குறது இந்தக் கட்டைதான். நல்ல வைரம் பாஞ்ச கட்டை. வேற வேணும்னா வேற கடைதான் பாக்கணும்."

ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள். ரெண்டாவது பாட்டைக் கேட்கவே இல்லை. வேன் தெரு முனை திரும்பியதும் அஞ்சலை அழுதுவிட்டார். "வந்த சம்பந்தத்த வாயாலயே வெரட்டிட்டியே மனுசா." செல்லமுத்து ஆறிப்போன பஜ்ஜியை எடுத்துச் சாப்பிட்டார். நான் சுருதிப் பெட்டியை மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் எனக்குப் பெருமையும் பயமுமாக இருந்தது. மகளுக்காக வாதாடினார், சரி. ஆனால் பாட்டால்தானே இந்த வினை வந்தது என்று நாளைக்கு அஞ்சலை சொன்னால், பாட்டை நிறுத்துவதைத் தவிர அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரிடமிருந்து லெட்டர் வரவில்லை. இரண்டு வருஷம் கழித்துப் பெரம்பலூரிலிருந்து ஒரு எலெக்ட்ரீஷியன் பெண் பார்க்க வந்தார். முதல் பாட்டைக் கேட்டார். ரெண்டாவதைக் கேட்டார். பிறகு கூச்சப்பட்டுக்கொண்டே, "இன்னொண்ணு பாடுவாங்களா?" என்றார். மூணாவது கேட்டவனுக்கே பெண்ணைக் கொடுத்தேன் என்று செல்லமுத்து கல்யாணப் பந்தலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கை எங்கள் பள்ளியிலேயே ஆசிரியையாகச் சேர்ந்து, கடைசிவரை வேலை பார்த்தாள். புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சுருதி பார்க்கும் வேலையை சார் அவளிடம் மட்டும்தான் ஒப்படைத்தார்.

ஆனால் அந்தத் தை மாதத்தில், முதல் மாப்பிள்ளை வீட்டார் வந்துபோன அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வகுப்பு தொடங்கிவிட்டது. நடு வரிசை காலியாக இருந்தது.  நான் வாசலைப் பார்த்துப் பார்த்து ஒரு வரியை இரண்டு தடவை தப்பாகச் சொல்லிக் கொடுத்து, ஒற்றைக் கண்ணை இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். அப்போது கூட்ஸ் வண்டி வந்தது. எல்லாரும் ஸ பிடித்தோம். மூச்சு மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், வாசலில் செல்லமுத்துவும் பின்னால் மங்கையும் வந்து நின்றார்கள். கடைசிப் பெட்டி போகும்வரை அவர் காத்திருந்தார்.

"டீச்சரம்மா, அந்த ரெண்டு பாட்டு."

நான் வாசலுக்குத் திரும்பினேன். "சொல்லுங்க."

"அது ரெண்டும் பொண்ணு பாக்க வர்றவங்களுக்குன்னு வச்சிக்குவோம். இவளுக்குன்னு எத்தனை பாட்டு இருக்கு?"

சாரைப் பார்த்தேன். அவர் கண் மூடியே இருந்தது. "அது தீராதுங்க" என்றேன்.

செல்லமுத்து அதை மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தார்.

"அப்பச் சரி. தீர்ற வரைக்கும் வரட்டும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மங்கை உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே இருவரும் வாயைத் திறந்தார்கள். சார் மூன்றாம் கட்டையை அழுத்தினார்.